ஆஸ்திரேலியாவில் ஆற்றுக்கும் எல்லைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

"ஆஸ்திரேலியச் செய்திகளைப் படித்தால் கோவிட் கால எல்லை மூடலையும் மர்ரே–டார்லிங் ஆற்றுத் தண்ணீரையும் சேர்த்தே பேசி, அரசு பதில் சொல்ல வேண்டும் என்கிறார்கள். நோய்க்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறையவே சம்பந்தம் உண்டு. பிரெட் வாக்கர் என்ற சிட்னி மூத்த வழக்கறிஞரிடமிருந்து தொடங்கினால் விஷயம் எளிதாகப் பிடிபடும். மர்ரே–டார்லிங் நீர்ப் பங்கீட்டில் என்ன நடந்தது என்று விசாரிக்க தெற்கு ஆஸ்திரேலிய மாநில அரசு 2018இல் அமைத்த ராயல் கமிஷனுக்கு அவர்தான் ஆணையர். கொரோனா நோயாளிகளோடு சிட்னிக்கு வந்த ரூபி பிரின்சஸ் கப்பலிலிருந்து பயணிகளை எப்படி இறங்க விட்டார்கள் என்று விசாரிக்க நியூ சவுத் வேல்ஸ் அரசு 2020இல் அமைத்த ஆணையத்துக்கும் அவரேதான். இரண்டு விசாரணையிலும் மத்திய அரசு அதிகாரிகளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். இரண்டு முறையும் அவர்கள் வரவில்லை. மாநிலம் அமைத்த ஆணையம் மத்திய அரசு அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது கான்பரா, அதாவது தலைநகரில் இருக்கும் மத்திய அரசு, சொன்ன காரணம்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது அடிலெய்டில். மர்ரே ஆறு கடைசியாக வந்து கடலில் சேரும் மாநிலம் இது. மேலே மூன்று மாநிலங்கள் எடுத்தது போக மிச்சம்தான் எங்கள் குழாயில் வருகிறது. தண்ணீர் விஷயத்தில் நான் கடைமடைக்காரன்.

முதலில் ஆறு. மர்ரே–டார்லிங் படுகை பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்தது, நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 14 சதவீதம். குவின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா என்ற நான்கு மாநிலங்களும் தலைநகரப் பகுதியும் இதில் பங்காளிகள். 1890களில் நாட்டின் அரசியல் சாசனத்தை எழுத உட்கார்ந்தபோதே இந்த ஆற்றுக்காகச் சண்டை நடந்தது. மேலே இருந்தவர்களுக்குப் பாசனம் வேண்டும், கீழே இருந்தவர்களுக்குப் படகுப் போக்குவரத்து வேண்டும். முடிவில், மாநிலங்கள் ஆற்று நீரை நியாயமான அளவில் பாசனத்துக்குப் பயன்படுத்தும் உரிமையை மத்திய அரசின் வணிகச் சட்டங்கள் குறைக்கக் கூடாது என்று 100ஆம் பிரிவை எழுதி வைத்தார்கள். நியாயமான அளவு எவ்வளவு என்று அதில் இல்லை. மாநிலங்களுக்கிடையே வணிகமும் மக்கள் போக்குவரத்தும் முற்றிலும் தடையின்றி இருக்கும் என்று சொல்லும் 92ஆம் பிரிவும் அதே சாசனத்தில்தான் இருக்கிறது. அதை நினைவில் வையுங்கள், எல்லை மூடலில் திரும்ப வரும்.

1990களின் பிற்பகுதியில் தொடங்கி 2009 வரை நீண்ட பெரும் வறட்சிதான் மத்திய அரசை உள்ளே இழுத்தது. 2007இல் தண்ணீர்ச் சட்டம் வந்தது. படுகை முழுவதற்கும் ஒரு மத்திய ஆணையம், ஒரே திட்டம் என்பது ஏற்பாடு. ஆறு உயிரோடு இருக்கத் தேவையான தண்ணீரை முதலில் ஒதுக்கு, மிச்சத்தைப் பாசனத்துக்குப் பிரித்துக் கொடு என்பது சட்டத்தின் வரிசை. 2010இல் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டி ஆவணம், ஆற்றுக்குத் திருப்பித் தர வேண்டியது ஆண்டுக்கு 3,856 ஜிகாலிட்டரிலிருந்து 6,983 வரை என்று கணக்குப் போட்டது. ஒரு ஜிகாலிட்டர் நூறு கோடி லிட்டர். நமக்குப் பழகிய கணக்கில் இது ஏறத்தாழ 136 முதல் 247 டிஎம்சி. பாசனப் பகுதியான கிரிஃபித் ஊரில் அந்த ஆவணத்தின் பிரதிகளைக் கூட்டமாக நின்று கொளுத்தினார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது, ஊரே அந்தத் தண்ணீரை நம்பித்தான் பிழைக்கிறது. ஆனால் 2012இல் சட்டமான திட்டத்தில் எண் 2,750 ஜிகாலிட்டர் ஆகிவிட்டது, சுமார் 97 டிஎம்சி. தெற்கு ஆஸ்திரேலியாவைச் சமாதானப்படுத்த இன்னொரு 450 ஜிகாலிட்டரைப் பிறகு தருவதாகச் சேர்த்துக்கொண்டார்கள். மொத்தச் செலவு 1,300 கோடி டாலர்.

3,856 எப்படி 2,750 ஆனது? வாக்கர் கமிஷனின் மையக் கேள்வி இதுதான். 2019 ஜனவரி இறுதியில் வந்த அவருடைய அறிக்கை தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. சட்டம் சொன்ன வரிசையை விட்டுவிட்டு சுற்றுச்சூழல், பொருளாதாரம், சமூகம் மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்திய விதம் சட்டவிரோதம் என்றது. அறிவியலைவிட அரசியல் பேரம் எண்ணைத் தீர்மானித்தது என்றது. மத்தியப் படுகை ஆணையம் அலட்சியமாகவும் நிர்வாகச் சீர்கேட்டோடும் நடந்துகொண்டது என்றது. படுகை ஆணையம் இதை மறுத்தது. மறுப்பதற்கு உரிமை உண்டு, சரி. ஆனால் அந்த எண்ணைப் போட்டவர்கள் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டிருந்தால் மறுப்பில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்திருக்கும். வாக்கர் சம்மன் அனுப்பியதும் மத்திய அரசு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்துக்குப் போனது, நாட்டின் கடைசி நீதிமன்றமே அதுதான். வழக்கு முடியும்வரை காத்திருக்க வாக்கருக்குக் கால நீட்டிப்பு தேவைப்பட்டது. அதற்குள் மாநிலத்தில் ஆட்சி மாறியிருந்தது, புதிய அரசு நீட்டிப்பு தரவில்லை. மத்திய அரசின் கட்சியும் மாநிலத்தின் புதிய ஆளும் கட்சியும் ஒன்று என்பதைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிக்கை அச்சுக்குப் போகிற அதே வாரங்களில் டார்லிங் ஆற்றில், மெனிண்டி ஏரிகளுக்குக் கீழே, லட்சக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. பல பத்தாண்டுகள் வளர்ந்த மர்ரே காட் மீன்களை, இரண்டு கையாலும் சேர்த்துத் தூக்க வேண்டியவற்றை, உள்ளூர்க்காரர்கள் தண்ணீரில் நின்று ஏந்திக் காட்டிய காணொலி நாடு முழுவதும் போனது. வறட்சி ஒரு காரணம். ஆனால் மேலே அதிகம் எடுத்ததால் ஆற்றில் போதிய நீரோட்டமே இல்லாமல் போனது என்று ஆஸ்திரேலிய அறிவியல் அகாடமியின் குழு 2019 பிப்ரவரியில் எழுதியது. அதற்கு ஒன்றரை ஆண்டு முன்னால்தான், 2017 ஜூலையில், ஏபிசி தொலைக்காட்சி வடக்குப் படுகையின் தண்ணீர்த் திருட்டுப் புகார்களை வெளிக்கொண்டு வந்திருந்தது. பல இடங்களில் பம்புகளுக்குச் சரியான மீட்டரே இல்லை, எவ்வளவு எடுத்தார்கள் என்று பார்க்க ஆளும் இல்லை.

இப்போது கப்பலுக்கு வருவோம். நாட்டுக்குள் நோய் வராமல் தடுப்பது, அதாவது குவாரன்டைன், சாசனத்தின்படி மத்திய அரசு சட்டம் இயற்றக்கூடிய துறை. மருத்துவமனையும் பொதுச் சுகாதாரமும் மாநிலத்தின் கையில். துறைமுகத்தில் இவை இரண்டும் சந்திக்கின்றன. 2020 மார்ச் 19 அதிகாலை ரூபி பிரின்சஸ் சிட்னி துறைமுகத்தில் நின்றது. நியூசிலாந்து போய்த் திரும்பிய கப்பல், அதில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். கப்பலில் எடுத்த சளி மாதிரிகள் பரிசோதனைக்குப் போயின. முடிவு வரும் முன்னாலேயே சுமார் 2,650 பயணிகளை இறக்கிவிட்டார்கள். அவர்கள் டாக்சி பிடித்தார்கள், ரயில் ஏறினார்கள், விமானம் ஏறி வேறு மாநிலங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போனார்கள். மறுநாள் காலை முடிவு வந்தபோது கப்பலில் ஒரு பயணியும் இல்லை. அந்தக் கப்பலோடு தொடர்புடைய இறப்புகள் 28.

அடுத்த சில வாரங்கள் மாநிலச் சுகாதாரத் துறையும் மத்திய எல்லைப் படையும் ஒருவரை ஒருவர் கை காட்டிக்கொண்டே இருந்தன. எல்லைப் படைக்கு இதில் பொறுப்பில்லை என்று வாக்கர் தெளிவாகவே எழுதினார். மாநிலச் சுகாதாரத் துறை கப்பலை "குறைந்த ஆபத்து" என்று வகைப்படுத்தியது பெரிய தவறு, அதற்குச் சமாதானமே கிடையாது என்றார். ஆனால் ஒரு கப்பலிலிருந்து ஆட்கள் இறங்கலாம் என்று நோய்த்தடுப்பு அனுமதி கொடுப்பது மத்திய வேளாண் துறை அதிகாரிகளின் வேலை. நோய்வாய்ப்பட்ட பயணிகளைப் பற்றிக் கேட்டு நிரப்ப வேண்டிய படிவத்தை அவர்கள் முறைப்படி நிரப்பவில்லை. ஏன் என்று கேட்க ஓர் அதிகாரிக்குச் சம்மன் போனது. பதிலாக மத்திய அரசு மீண்டும் உயர் நீதிமன்றத்தை நோக்கி அடி எடுத்து வைத்தது, எழுத்து மூலம் ஒரு விளக்கத்தைத் தானாகத் தந்ததோடு நிறுத்திக்கொண்டது. ஆணையத்துக்கு முழு ஒத்துழைப்பு என்று பிரதமர் ஸ்காட் மோரிசன் அதற்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். இது அந்த வாக்கோடு எப்படிப் பொருந்துகிறது என்று வாக்கர் அறிக்கையிலேயே கேட்டிருக்கிறார்.

சட்டப்படி மத்திய அரசு சொல்வதில் சாரமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மாநிலம் நினைத்தபோதெல்லாம் மத்திய அதிகாரிகளைக் கூண்டில் ஏற்றினால் நிர்வாகம் நடக்காது. அதற்குத் தீர்வு எளிது: தானாக அனுப்பி வைப்பது, இல்லாவிட்டால் மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து ஒரே ஆணையரை நியமிப்பது. இரண்டையும் செய்யாமல் விலக்கை மட்டும் பிடித்துக்கொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

எல்லாப் பழியும் கான்பராவுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். விக்டோரியாவில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை ஓட்டல்களில் 14 நாள் வைத்தார்கள். காவலுக்குத் தனியார் செக்யூரிட்டி ஆட்கள். அங்கிருந்து கசிந்த வைரஸ்தான் மெல்போர்னின் இரண்டாவது அலைக்குக் காரணம். 18,000க்கும் மேல் தொற்று, 768 இறப்பு என்று விசாரித்த முன்னாள் நீதிபதி ஜெனிஃபர் கோட் பதிவு செய்தார். தனியார் காவல் என்று முடிவெடுத்தது யார் என்று அமைச்சர்களையும் தலைமை அதிகாரிகளையும் வரிசையாக உட்கார வைத்துக் கேட்டார்கள். முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸ் உட்பட ஒருவருக்கும் தெரியவில்லை. கோடிக்கணக்கான டாலர் செலவான ஒரு முடிவு தாய் தகப்பன் இல்லாமல் நின்றது. இந்த அறிக்கையை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். பொய் சொல்கிறார்கள் என்பதைவிட, உண்மையிலேயே யாரும் முடிவெடுக்கவில்லை, ஒவ்வொருவரும் மற்றவர் எடுத்ததாக நினைத்துக்கொண்டார்கள் என்பதுதான் இதில் பயங்கரம்.

அப்புறம் மாநில எல்லைகள். 2020 ஜூலை 8 அன்று நியூ சவுத் வேல்ஸ்–விக்டோரியா எல்லை மூடப்பட்டது. 1919இன் ஃப்ளூவுக்குப் பிறகு அதுவே முதல் முறை. அந்த எல்லை மர்ரே ஆறுதான். ஆல்பரி வடகரை, வொடோங்கா தென்கரை. கரைக்குக் கரை வேறு மாநிலம், ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரே ஊர். மருத்துவமனையே இரண்டு கரைக்கும் பொதுவான ஒரே நிர்வாகத்தில் இயங்குகிறது. நர்ஸ் வேலைக்குப் போக அனுமதிச் சீட்டு, பிள்ளையைப் பள்ளியில் விட அனுமதிச் சீட்டு, பாலத்தில் மணிக்கணக்கில் கார் வரிசை. விதிகள் அடிக்கடி மாறின. மாற்றியது சிட்னி, அதைத் தாங்கியது ஆற்றங்கரை ஊர்கள்.

92ஆம் பிரிவு என்ன ஆயிற்று? மேற்கு ஆஸ்திரேலியா 2020 ஏப்ரலிலேயே கதவைச் சாத்திவிட்டது. தொழிலதிபர் கிளைவ் பால்மர் வழக்குப் போட்டார். நவம்பரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது: நோயைத் தடுக்க நியாயமான தேவை இருந்தால் கட்டுப்பாடு செல்லும். அடுத்த மார்ச்சில் தேர்தல் வந்தது, எல்லையை மூடிய முதல்வர் மார்க் மெக்கவனின் கட்சி 59 இடங்களில் 53 பிடித்தது. ஆக, மக்கள் மூடலை ஆதரித்தார்கள். அது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. 2020 முடிவில் நாடு முழுவதும் கோவிட் இறப்பு ஆயிரத்தைத் தாண்டவில்லை. மூடியது தவறு என்று நான் வாதாடவில்லை. மூடியதன் மருத்துவ ஆலோசனை என்ன, யார் கையெழுத்து, யாருக்கு விலக்கு, யாருக்கு மறுப்பு என்ற தாள்கள் வெளியே வர வேண்டும் என்கிறேன். தேர்தல் வெற்றி அந்தத் தாள்களுக்கு ஈடாகாது.

வெளிநாட்டு எல்லையில் நம் ஆட்கள் பலர் நேரடியாக அடிபட்டார்கள். 2021 ஏப்ரல் இறுதியில், இந்தியாவில் ஆக்சிஜனுக்குத் தவித்துக்கொண்டிருந்த நாட்களில், கடந்த 14 நாளில் இந்தியாவில் இருந்த எவரும் மே 3 முதல் ஆஸ்திரேலியாவுக்குள் வரக்கூடாது என்று அறிவித்தார்கள். ஆஸ்திரேலியக் குடிமக்களும் சேர்த்துத்தான். மீறினால் ஐந்து ஆண்டு சிறை அல்லது 66,600 டாலர் அபராதம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நோய் உச்சத்தில் இருந்தபோது இப்படி ஒரு தண்டனை வரவில்லை. அப்போது இந்தியாவில் மாட்டியிருந்த ஆஸ்திரேலியர்கள் சுமார் 9,000 பேர். சென்னையிலும் மதுரையிலும் அப்பா அம்மாவைப் பார்க்கப் போனவர்கள், காரியத்துக்குப் போனவர்கள். கூட்டாட்சி நீதிமன்றத்தில் போட்ட வழக்கின் முதல் கட்டம் ஒரே வாரத்தில் தோற்றது, தடை மே 15இல் தானாக முடிந்தது. குடிமக்களின் பெற்றோரை "நெருங்கிய குடும்பம்" என்று இந்த விதிகள் ஏற்றுக்கொண்டதே 2021 நவம்பரில்தான். அதுவரை அம்மா வெளியாள். இந்த விதியை எழுதியவர் யார், யாரிடம் கேட்டு எழுதினார் என்று இன்றுவரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது? 2015இன் உயிரியல் பாதுகாப்புச் சட்டம். அவசரநிலை அறிவித்துவிட்டால் சுகாதார அமைச்சர் வேறு எந்தச் சட்டத்தையும் மீறி உத்தரவு போடலாம், நாடாளுமன்றம் அதை ரத்து செய்ய முடியாது. 2020 மார்ச் 18 முதல் 2022 ஏப்ரல் வரை நாடு இதன் கீழ் இருந்தது. அந்த அதிகாரத்தில் கிரெக் ஹன்ட் ஒருவரே அமைச்சர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, பிரதமர் மோரிசனும் 2020 மார்ச் 14 அன்றே ரகசியமாகச் சுகாதார அமைச்சராகப் பதவி ஏற்றிருந்தார். பிறகு நிதி, கருவூலம், உள்துறை, தொழில் என்று மொத்தம் ஐந்து துறை. 2022 ஆகஸ்டில்தான் வெளியே தெரிந்தது. முன்னாள் நீதிபதி விர்ஜினியா பெல் விசாரித்தார், அந்த நவம்பரில் மக்களவை மோரிசனைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது.

மாநில முதல்வர்களும் பிரதமரும் சேர்ந்து கூடிய "தேசிய அமைச்சரவை"யும் அப்படியே. மத்திய அமைச்சரவையின் குழு என்று பெயர் கொடுத்ததால் அதன் ஆவணங்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் அடைபட்டன. அப்போது எங்கள் தெற்கு ஆஸ்திரேலிய செனட்டராக இருந்த ரெக்ஸ் பேட்ரிக் விடாமல் துரத்தினார். தண்ணீர் உரிமங்களை அரசு என்ன விலைக்கு வாங்கியது என்றும் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். 2021 ஆகஸ்டில் நீதிபதி ரிச்சர்ட் வைட், இது அமைச்சரவைக் குழுவே அல்ல என்று தீர்ப்பளித்தார். அரசு உடனே சட்டத்தையே மாற்ற மசோதா கொண்டு வந்தது, நல்ல வேளை அது நிறைவேறவில்லை.

நீங்கள் கேட்ட ஆறும் நோயும் நிஜமாகவே ஒரே ஊரில் சந்தித்தன. வில்கேனியா, டார்லிங் கரையில், நியூ சவுத் வேல்ஸின் மேற்குக் கோடி. சுமார் 750 பேர், பெரும்பாலும் பார்க்கிஞ்சி பழங்குடி மக்கள். அவர்கள் ஆற்றை பாக்கா என்று அழைக்கிறார்கள். வறட்சியிலும் மேல்பகுதிப் பம்புகளிலும் அந்த பாக்கா வெறும் குட்டைகளாகக் கிடந்தது, ஊருக்குக் குடிநீர் லாரியில் வந்த காலம் உண்டு. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை நெருக்கியடித்து இருக்கிறது, நோய் வந்தால் தனித்து வைக்க இடமில்லை என்று பகுதியின் பழங்குடிச் சுகாதார அமைப்பு 2020 மார்ச்சிலேயே மத்திய அரசுக்கு எழுதிவிட்டது. 2021 ஆகஸ்டில் வைரஸ் வந்தது. தொற்று கண்டவர்கள் வீட்டு முற்றத்தில் கூடாரம் போட்டுக் குளிரில் படுத்தார்கள். தனித்து வைக்கக் கேரவன் என்ற வீட்டு வண்டிகள் வந்தது அதற்குப் பிறகு. வீட்டுவசதி மாநிலத்துடையது, பழங்குடியினர் துறை மத்தியில், ஆறு எல்லோருடையது. கடிதத்துக்கு யார் பதில் சொல்வது?

இதில் ஏதாவது சரியாயிற்றா என்றால், தண்ணீரில் கொஞ்சம். 2018இல் நியூ சவுத் வேல்ஸ் தனி ஒழுங்குமுறை அமைப்பை ஏற்படுத்தியது, வழக்குகள் போட்டு அபராதம் வாங்கித் தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் படுகை முழுவதற்கும் தண்ணீர் இணக்கத் தலைமை ஆய்வாளர் பதவி வந்தது. அவர் மாநிலம், மத்தி இரண்டின் தண்ணீர் அமைப்புகளையும் கேள்வி கேட்கலாம். 2023இல் புதிய சட்டம், அந்த 450 ஜிகாலிட்டருக்கு 2027 டிசம்பர் 31 வரை கெடு நீட்டித்து, விவசாயிகளிடமிருந்து உரிமம் வாங்க இருந்த உச்சவரம்பையும் நீக்கியது. விக்டோரியா உடன்படவில்லை. 2026இல் படுகைத் திட்டத்தையே மறுஆய்வு செய்ய வேண்டும் என்பது சட்டம், ஆக இந்தச் சண்டை திரும்பவும் முதல் பக்கத்துக்கு வரும்.

எல்லை விஷயத்தில் அப்படி ஓர் ஆய்வாளர் இல்லை. 2023 செப்டம்பரில் மத்திய அரசு கோவிட் விசாரணையை அறிவித்தபோது, மாநிலங்கள் தாமாக எடுத்த முடிவுகள் வரம்புக்கு வெளியே என்று எழுதிவிட்டார்கள். பள்ளி மூடல், ஊரடங்கு, மாநில எல்லை எல்லாம் அதில் அடங்கும். 2024 அக்டோபரில் வந்த அறிக்கை அரசின் மீது மக்களுக்கு இருந்த நம்பிக்கை தேய்ந்துவிட்டது என்று சொன்னது. ஆல்பரி பாலத்தில் மணிக்கணக்கில் நின்றவர்களின் கேள்வியை எடுத்துக்கொள்ள அந்தக் குழுவுக்கு அதிகாரமே தரப்படவில்லை.